26ஆம் நாள், ஒரு வளைவு: புதிதாக பைக் ஓட்டத் தொடங்கியவர் விழுந்த நிகழ்வின் ஆய்வு

அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டால் அவரால் எல்லாவற்றையும் சொல்ல முடிந்தது. வெள்ளையடித்த ஓரக் கல். மேல் மூலை ஒன்று உடைந்து உள்ளே சிமெண்ட் தெரிகிறது. அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுப்புப் பட்டை. ஆனால் வளைவு எங்கே முடிகிறது, எதிரே ஏதாவது வந்ததா, சாலை காய்ந்திருந்ததா என்று கேட்டபோது மூன்றுக்குமே அவரிடம் பதில் இல்லை. விழுந்த மூன்றாம் நாள், இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் என் எதிரே உட்கார்ந்து அவர் சொன்ன இந்த விவரம்தான் எனக்குக் கிடைத்த முதல் தடயம்.

நான் இருசக்கர வாகனப் பயிற்றுநர். விழுந்து எழுந்தவர்கள் என்னிடம் வருவது புதிதல்ல. இந்த நிகழ்வை மட்டும் எடுத்து எழுதக் காரணம், இதில் பழியைத் தூக்கிப் போட வசதியான ஆள் யாரும் இல்லை. குடி இல்லை, மழை இல்லை, குறுக்கே பாய்ந்த லாரி இல்லை, தேய்ந்த டயர் இல்லை. உரிமம் இருந்தது, ஹெல்மெட் இருந்தது, வண்டி வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்படியிருந்தும் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில், எந்த பைக்கும் அலட்டிக்கொள்ளாமல் கடக்கும் ஒரு வளைவில், அவர் சாலையை விட்டு வெளியே போனார். அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

பின்னணி

வயது 34. சிறுவயதில் சைக்கிள் ஓட்டியவர். பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாக கார் மட்டும். பைக் என்பது நெடுநாள் ஆசை. வாங்கியது 150 சிசி, ஒற்றை சிலிண்டர், சுமார் 140 கிலோ எடை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும். "எப்படியும் பழகிவிடும், பெரிதாகவே வாங்கிவிடுங்கள்" என்று சொன்னவர்களின் பேச்சை அவர் கேட்கவில்லை. நல்ல முடிவு. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதங்களும் தரையில் படிகின்றன. தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

கற்றுக்கொடுத்தவர் அவருடைய அண்ணன். காலியான மைதானத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். முதல் காலை கிளட்ச், இரண்டாம் காலை கியர், மூன்றாம் காலை வட்டமும் எட்டும். அண்ணன் பொறுமைசாலி. தங்கை இரண்டு முறை இன்ஜினை அணைத்தபோதும் சிரித்துக்கொண்டேதான் நின்றாராம். அவர் முதல் நாள், சாவியைக் கையில் கொடுக்கும்போதே சொன்ன ஒரு வாக்கியம் இந்த ஆய்வில் மீண்டும் மீண்டும் வரும்: "முன் பிரேக்கை மட்டும் தொட்டுவிடாதேம்மா, ஆளைத் தூக்கி எறிந்துவிடும்."

உரிமத் தேர்வில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுத் தேறினார். அதன்பின் 25 நாட்கள் அலுவலகத்துக்குப் போய்வந்தார். மீட்டரில் 712 கிலோமீட்டர். ஒரு கீறல்கூட இல்லை. அதனால் தனக்கு ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நிகழ்ந்தது

26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணி, நல்ல வெளிச்சம், காய்ந்த தார். நண்பர்கள் இருவர் தத்தம் பைக்குகளில் முன்னே போக, இவர் மூன்றாவதாகப் போனார். நகரம் தாண்டிச் சுமார் 20 கிலோமீட்டர் வரை எல்லாம் சரி. ஒரு தேநீர் நிறுத்தத்துக்குப் பின் வியர்வை தாங்காமல் கையுறைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு சாலை வளையத் தொடங்கியது. முன்னால் போனவர்கள் வேகம் கூட்டவில்லை. ஆனால் வளைவுகளில் அவர்கள் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் இவர் சற்றுப் பின்தங்கினார், நேர்ச்சாலையில் முறுக்கி எட்டிப் பிடித்தார். அவருடைய கண் சாலையில் இல்லை, முன்னால் போனவரின் சிவப்பு விளக்கில் இருந்தது.

நான்காவது வளைவு வலப்பக்கம் திரும்புவது. உள்ளே நுழைந்ததும், வேகம் அதிகமென்று அவருக்குத் தோன்றியது. ஆக்ஸிலரேட்டரை ஒரேயடியாக மூடினார். கைகள் இறுகின. பைக் மெல்ல வெளி ஓரத்தை நோக்கி நகர, கண்ணில் அந்தக் கல் பட்டது. வலது கால் பின் பிரேக்கை மிதித்தது. அதற்குப் பின் அவருக்கு நினைவிருப்பது ஒரு கீச்சொலியும், ஹெல்மெட்டுக்குள் கேட்ட தன் மூச்சும்தான்.

மண் ஓரத்தில் இறங்கியதும் பைக் இடப்பக்கம் சாய்ந்து விழுந்து, எட்டொன்பது மீட்டர் சறுக்கி, கல்லுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இடது கையை ஊன்றியதில் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டிலுள்ள சிறு எலும்பில் விரிசல். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. முழங்காலில் சிராய்ப்பு. ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் நான்கு விரல் நீளத்துக்கு ஆழமான கீறல். முகம் திறந்த ஹெல்மெட்டாக இருந்திருந்தால் அந்தக் கீறல் எங்கே விழுந்திருக்கும் என்பதை அவரே கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். அந்த ஹெல்மெட்டை அன்றே ஒதுக்கச் சொன்னேன். உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீண்டும் எழும்பாது.

பைக்குக்கு வளைந்த கிளட்ச் லீவரும் உடைந்த இண்டிகேட்டரும் மட்டுமே சேதம்.

சாலை சொன்னது

அவர் விழுந்த ஐந்தாம் நாள் அதிகாலையில் அந்த இடத்துக்குப் போனேன். தாரில் பின் டயர் இழைத்த கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை. நீளம் ஏழு மீட்டர். தொடங்கும் இடத்திலிருந்து சாலை ஓரம் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். முடியும் இடம் ஓரமேதான்.

அந்தக் கோட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் நேர்த்தன்மை. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. வளைந்துகொண்டிருக்கும் பைக்கின் தடம் சாலையோடு சேர்ந்து வளையும். நேர்க்கோடு என்றால், பிரேக் பிடித்த கணத்தில் பைக் நிமிர்ந்துவிட்டது, திரும்புவதை விட்டுவிட்டது என்று பொருள். அவர் வளைவில் வழுக்கி விழவில்லை. வளைவதைக் கைவிட்டு நேராக வெளியே ஓட்டிப் போயிருக்கிறார்.

வளைவு எவ்வளவு கூர்மையானது? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். 20 மீட்டர் கயிற்றை ஓர வெள்ளைக் கோட்டின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இழுத்துக் கட்டி, நடுவில் கயிற்றுக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 1.1 மீட்டர் வந்தது. அதிலிருந்து வளைவின் ஆரம் ஏறத்தாழ 45 மீட்டர். அந்த ஆரத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப, பைக் சுமார் 20 பாகை சாய்ந்தால் போதும். அந்த வகை பைக்கின் ஃபுட்ரெஸ்ட் தரையை உரச ஏறத்தாழ இரு மடங்கு சாய வேண்டும். காய்ந்த, நல்ல தாரில் அந்த வளைவை 60 கிலோமீட்டரில்கூட அந்த பைக் எடுத்திருக்கும். 60இல் போங்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

டயரிலும் அதே செய்தி இருந்தது. புது டயரின் மேல் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள் நடுப்பகுதியில் தேய்ந்துவிட்டன. ஓரங்களில், கட்டைவிரல் அகலத்துக்கு, அவை அப்படியே நின்றன. 712 கிலோமீட்டரில் அந்த ஓரம் ஒருமுறைகூடத் தரையைத் தொட்டதில்லை.

பிரேக் கணக்கு இன்னும் கசப்பானது. பின் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு இழைந்தால் காய்ந்த தாரிலும் வேகம் மெதுவாகத்தான் குறையும். அந்த ஏழு மீட்டரில் 45 கிலோமீட்டர் சுமார் 37 ஆகியிருக்கும், அவ்வளவே. கீச்சொலி பெரிதாகக் கேட்டிருக்கும், புகைகூட வந்திருக்கும், வேகம் மட்டும் குறைந்திருக்காது. பைக் நிமிர்ந்திருந்த அதே ஏழு மீட்டரில் இரண்டு பிரேக்கையும் சரியாக அழுத்தியிருந்தால் 27க்கு வந்திருக்கும். முன் சக்கரத்து ஏபிஎஸ் அன்று வேலை செய்யத் தயாராகத்தான் இருந்தது. அதை யாரும் எழுப்பவில்லை.

வண்டியைப் பார்த்தபோது

கொட்டகையில் பைக்கை நிறுத்தி, அவரை அதன்மேல் உட்காரவைத்து, வலது கையைக் கைப்பிடியில் வைத்து முன் பிரேக்கைத் தொடச் சொன்னேன். அவருக்குச் சிறிய கை. விரல் நுனிகள் மட்டும் லீவரை எட்டின. நன்றாகப் பற்ற முயன்றபோது மணிக்கட்டு கீழே உருண்டது, கூடவே ஆக்ஸிலரேட்டரும் ஒரு நூல் திறந்தது. அதாவது முன் பிரேக்கை அவர் நாடினால் பைக் முதலில் உறுமும். அப்படி இரண்டொரு முறை நடந்ததாகவும், அதனால்தான் அண்ணன் சொன்னது சரி என்று பட்டதாகவும் அப்போதுதான் சொன்னார்.

பின் பிரேக்கின் கதை இதற்கு நேரெதிர். முதல் சர்வீஸில், "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார். பிடிக்காததற்குக் காரணம், இரண்டு பிரேக்கின் வேலையையும் ஒன்றே செய்துகொண்டிருந்தது. மெக்கானிக் பின் டிரம்மின் நட்டை நன்றாக முறுக்கிவிட்டார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தார், அவர்மேல் குற்றமில்லை. விளைவு, பெடலில் விளையாட்டே, அதாவது பிரேக் பிடிக்கும் முன் அது சும்மா அசையும் தூரமே, இல்லாமல் போனது. கால் வைத்தால் பிடி, கொஞ்சம் அழுத்தினால் பூட்டு.

முன் பிரேக் பேடுகளைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கோடு இன்னும் சரியாகப் படியக்கூட இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தன.

புது வண்டியைக் கையில் கொடுக்கும்போது மீட்டரைக் காட்டுவார்கள், லைட்டைக் காட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். லீவர் உன் விரலுக்கு எட்டுகிறதா, பெடல் உன் பாதத்தின் கோணத்துக்கு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. செருப்பு வாங்கும்போதுகூடப் போட்டுப் பார்த்து நடந்து காட்டுகிறோம்.

அண்ணன் சொன்னது

அந்த ஒரு வாக்கியத்தை அப்பட்டமான பொய் என்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். அது பொய்யல்ல என்பதுதான் சிக்கல். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, நடை வேகத்தில், முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் பைக் அந்த இடத்திலேயே சரியும். மணல் கொட்டிய தாரில், ஈரமான வண்ணக் கோட்டின்மேல், பைக் சாய்ந்திருக்கும்போது பிடித்தாலும் முன் சக்கரம் நழுவும். மைதானத்தில் வட்டம் போடும் புதியவருக்கு இவற்றில் முதலாவது கட்டாயம் ஒருநாள் நடக்கும். அண்ணனுக்கும் நடந்திருக்கும். அன்றிலிருந்து அவர் அந்த விதியைச் சுமந்துவந்து தங்கையிடம் கொடுத்திருக்கிறார். நடை வேகத்துக்கு உரிய விதி, 45 கிலோமீட்டருக்கும் சேர்த்து விதியாகிவிட்டது.

வேகத்தில் நிலைமை தலைகீழ். பிரேக் பிடித்ததும் பைக், ஆள் இரண்டின் எடையும் முன்னால் சாய்கிறது. நன்றாக அழுத்தி நிறுத்தும்போது மொத்த எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் முன் டயரில் உட்கார்ந்துவிடும். பின் டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். எடை இல்லாத டயரால் எதைப் பிடித்து நிறுத்த முடியும்? அதனால்தான் பின் பிரேக் அவ்வளவு எளிதில் பூட்டிக்கொள்கிறது.

ஆனால் அந்த எடை முன்னால் வந்துசேர ஒரு கணம் வேண்டும். வருவதற்கு முன்பே லீவரை வெடுக்கென்று இழுத்தால் அண்ணன் பயந்தது நடக்கும். முதலில் மெல்ல அழுத்த வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கைக்குத் தெரியும். அமுங்கிய பிறகு மேலும் மேலும் அழுத்தலாம். முதல் அழுத்தம் பைக்குக்குச் சொல்லி அனுப்புவது, அடுத்தது நிறுத்துவது. இந்த ஒரு கணத்தைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும். "தொடாதே" என்று சொல்ல அரை நொடி போதும். பெரும்பாலானோர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது ஒரு குடும்பத்தின் கதையல்ல. அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. பழைய அறிக்கை, வேறு வகை வண்டிகள், ஏபிஎஸ் இல்லாத காலம். ஆனாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் என் மாணவர்களின் முகங்கள்தான் தெரிகின்றன. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ, உறவினர், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இல்லை. தப்பிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்தது, பின் பிரேக்கை அளவுக்குமேல் மிதித்துச் சக்கரத்தைப் பூட்டியதும் முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காததும்தான். திசைமாற்றி விலகும் திறன் ஏறக்குறைய யாரிடமும் இல்லை என்றும் அந்த அறிக்கை சொல்கிறது.

இரண்டு நொடியில் யாரும் யோசிப்பதில்லை. பழகியது வெளிவரும், அவ்வளவுதான். இவருக்கு என்ன பழக்கமோ அதுவே பிசகின்றி வெளிவந்தது. ஒருவகையில் அண்ணனின் மாணவி தேர்வில் முழு மதிப்பெண் பெற்றிருக்கிறார்.

கை எப்படித் திரும்புகிறது

அவரிடம் கேட்டேன்: "பைக்கை வலப்பக்கம் திருப்ப என்ன செய்வீர்கள்?" "ஹேண்டிலை வலப்பக்கம் திருப்புவேன்" என்றார். எல்லோரும் சொல்லும் பதில். விமானம் செய்த ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் பல சைக்கிள் ஓட்டிகளிடம் கேட்டும், ஒருவரும் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னதில்லை என்று பதிவு இருக்கிறது. உடம்பு செய்வதை வாய்க்குச் சொல்லத் தெரிவதில்லை.

நடை வேகத்தைத் தாண்டியபின் பைக் சாய்ந்துதான் திரும்பும். வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்பக்கம் பார்க்கும், அது தரையைத் தொடும் இடம் இடப்பக்கம் ஓடும், மேலே இருக்கும் பைக் வலப்பக்கம் சாயும், பிறகு சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும். சைக்கிளிலும் இதேதான். அங்கே எடை குறைவு என்பதால் தெரிவதில்லை. 25 நாட்களாக அவரும் அறியாமலே இதைச் செய்துகொண்டிருந்தார். பயந்த கணத்தில் மட்டும் அறியாமல் செய்தது நின்றுபோனது. இரண்டு கைகளும் சமமாக இறுகின. வலது கை தள்ளுவதை இடது கையும் தள்ளி ஈடுகட்டியது. பைக் நிமிர்ந்தது. தாரில் விழுந்த நேர்க்கோடு அந்த இறுக்கத்தின் கையெழுத்து.

தேவைப்பட்டது வலது உள்ளங்கையில் ஒரு சிறு தள்ளு. பிரேக்கே வேண்டியிருக்கவில்லை.

காரணங்களை வரிசைப்படுத்தினால்

முதற்காரணம் என்று நான் பின் பிரேக்கை எழுதவில்லை, வேகத்தையும் எழுதவில்லை. வேகமாக நிறுத்துவதையும் வளைவில் பார்ப்பதையும் ஒருமுறைகூடப் பழகாமல் சாலைக்கு வந்ததை எழுதினேன். கூட வந்தவர்களின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டியது அடுத்தது. லீவரும் பெடலும் அதற்குப் பிறகு. கையுறை விழுதலுக்குக் காரணமில்லை, காயத்துக்குக் காரணம்.

நண்பர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். புதியவரைக் கடைசியில் விடுவது கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் பழைய தவறு. கடைசியில் இருப்பவர் எப்போதும் துரத்திக்கொண்டே இருப்பார். அவரை இரண்டாவதாக விட்டு, முன்னே போகிறவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அவருடைய வேகத்தில் போக வேண்டும். இருவருக்கும் இதைப் போனில் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர், "அவர் கேட்டிருந்தால் மெதுவாகப் போயிருப்போமே" என்றார்.

திருத்தம்

மாவுக்கட்டுப் பிரிக்க எட்டு வாரம் ஆயிற்று. அந்த எட்டு வாரத்தையும் கண்ணுக்குக் கொடுத்தோம். காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளியை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். நம்மைவிட்டு ஓடினால் வளைவு விரிகிறது. அது எங்கே நிற்கிறதோ அதற்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் நம் வேகம். முதல் வாரம் அவருக்கு இது விளையாட்டாக இருந்தது, இரண்டாம் வாரம் எரிச்சலாக இருந்தது. நான்காம் வாரம், நான் கேட்காமலே, "இது இறுகுகிறது" என்று முணுமுணுத்தார். அன்று கார் ஓட்டிக்கொண்டிருந்தது நான். அந்த வளைவு இறுகுவது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கை சரியானதும் முதலில் வண்டியைச் சரிசெய்தோம். தூரத்தை நெருக்கிவைக்கும் திருகு உள்ள பிரேக் லீவர் மாற்றப்பட்டது. இப்போது இரண்டு விரல்களின் முதல் மூட்டு அதன்மேல் படிகிறது. பின் பெடலைச் சற்று இறக்கி, நட்டைத் தளர்த்தி, கையேட்டில் சொன்ன விளையாட்டைக் கொடுத்தோம்.

பிறகு மைதானம். இன்ஜினை அணைத்து, பக்கத்தில் நின்று பைக்கைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்துவதில் தொடங்கினோம். ஃபோர்க் அமுங்குவதையும், விட்டால் எழுவதையும் அவர் முதன்முறையாகக் கையால் உணர்ந்தது அப்போதுதான். 50 முறை. அதன்பின் 20 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 30இல், பிறகு 40இல் நேராக வந்து ஒரு கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். கோட்டிலிருந்து முன் டயர் நின்ற இடம் வரை நாடா வைத்து அளந்தோம். 40இல் பின் பிரேக் மட்டும் பிடித்து நின்ற தூரம் 18 மீட்டர். இரண்டும் பிடித்து, ஆனால் முன் லீவரைப் பயந்து பயந்து தொட்டபோது 14. இரண்டாம் அமர்வில் 12. நான்காம் அமர்வில் பத்தரை. அன்று ஒருமுறை லீவரில் ஏபிஎஸ்ஸின் துடிப்பு வந்தது. திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கப் பழகுவதற்கு இன்னொரு காலை முழுவதும் தேவைப்பட்டது.

நடை வேகத்தில் திரும்பும்போது மட்டும் அண்ணனின் விதியை அப்படியே வைத்துக்கொண்டோம். கிளட்ச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக இழுத்துவைத்து, முன் பிரேக்கைத் தொடாமல். அண்ணனும் ஒருநாள் வந்து பார்த்தார். வரிசையில் நின்று நாலைந்து முறை தானும் பிரேக் பிடித்துப் பார்த்தார். அளந்த தூரத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

தள்ளித் திருப்புவதற்கு ஆரஞ்சுக் கூம்புகள் போதுமாக இருந்தன. 30 கிலோமீட்டரில் நேராக வந்து, வலது உள்ளங்கையால் ஒரு தள்ளு. பைக் உடனே வலப்பக்கம் சாய்ந்தபோது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பயமா சிரிப்பா என்று வெளியிலிருந்து தெரியவில்லை. முழங்கைகள் மடங்கியிருக்கின்றனவா, தோள்கள் தொங்கியிருக்கின்றனவா என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை இறுகினால் எந்தப் பாடமும் நிற்காது.

இன்றைய நிலை

பதினான்காம் வாரம் அதே வளைவுக்குப் போனோம். முதலில் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தோம். வளைவின் உட்புறம் ஒரு மரவரிசை இருக்கிறது. அதன் இடைவெளியில் வளைவு முடிந்து சாலை நேராகும் இடம் தொடக்கத்திலிருந்தே தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்கும். அவர் அந்த இடைவெளி எதிரே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு அதை நான்கு முறை கடந்தார். நுழைவதற்கு முன்பே பிரேக் பிடித்து, 40க்கு இறங்கி, உள்ளே ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு. மூன்றாவது முறையில் பைக்கின் பாதை சற்று வெளியே போனது, தள்ளித் திருத்திக்கொண்டார். திருத்தியது தனக்கே தெரியவில்லை என்றார்.

குறை இன்னும் இருக்கிறது. நேராக வரும்போது, எதிர்பாராத இடத்தில் நான் கொடியை வீசினால் உடனே நிறுத்த வேண்டும் என்பது இப்போதைய பயிற்சி. சென்ற வாரம் பத்து முறையில் எட்டு முறை கை முந்தியது. இரண்டு முறை கால் முந்தியது, அதில் ஒருமுறை பின் சக்கரம் இழைந்து மைதானத்தில் ஒரு சிறு கோடு விழுந்தது. அளந்தோம், ஒரு மீட்டர். நகரத்துக்குள் ஓட்டுகிறார். கூட்டமாகப் போக நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த அமர்வு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியை அண்ணன் வீசுகிறார்.